ஊர் எண்ணும் அயல் டவரும்: வெளிநாட்டுப் பயணத்தில் இணையம் பெறும் வழிகள்

வெளிநாட்டுப் பயணத்துக்கு விசாவும் டிக்கெட்டும் கைக்கு வந்ததும் எழும் அடுத்த கேள்வி, "அங்கே நெட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான். விடை சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஒருவர் ரோமிங் பேக் போட்டுக்கொள்ளச் சொல்வார். அது தண்டச் செலவு, இறங்கியதும் அந்த ஊர் சிம் வாங்கிக்கொள் என்பார் இன்னொருவர். இ-சிம் இருக்கும்போது கடை வாசலில் ஏன் நிற்க வேண்டும் என்று மூன்றாமவர் கேட்பார். ஹோட்டலில்தான் வைஃபை இருக்கிறதே என்று நான்காமவர் பேச்சை முடித்துவிடுவார். அவரவர் கடைசியாகப் போய்வந்த நாடும் அப்போது கையில் இருந்த ஃபோனும் சேர்ந்து உருவாக்கிய தீர்ப்புகள் இவை.

இந்த விடைகள் எப்படித் தோன்றின, எந்தச் சூழலில் பொருந்தின, எங்கே தளர்கின்றன என்பதை வரிசையாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். "எது மலிவு?" என்ற ஒற்றைக் கேள்வியாக இது பெரும்பாலும் கேட்கப்படுகிறது. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது: என் தொலைபேசி எண் எங்கே இருக்கப் போகிறது? என் டேட்டா யார் வழியாகப் போகப் போகிறது? இவற்றைப் பிரித்துப் பார்த்தால் பழைய விவாதங்கள் பலவும் தெளிவடைகின்றன.

முதல் விடை: ஊர் எண்ணோடே போவது

ஜிஎஸ்எம் என்ற செல்பேசி முறையில் முதல் வணிக அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே பின்லாந்தின் டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. வாடிக்கையாளரின் அடையாளத்தைக் கருவியிலிருந்து பிரித்து ஒரு சிறு அட்டையில் வைத்ததுதான் ஜிஎஸ்எம்மின் முக்கியமான யோசனை. சிம் என்ற அந்த அட்டை எந்த நாட்டு டவரைத் தொட்டாலும், டவரின் சொந்தக்காரர், சிம்மை வழங்கிய தாய் நிறுவனத்திடம் "இவர் உங்கள் ஆளா?" என்று விசாரித்த பிறகே சேவை தருவார். ரோமிங்கின் அடிப்படை இந்த விசாரிப்புதான்.

இணையம் வந்த பிறகும் அதே அமைப்பு தொடர்ந்தது. பொதுவான நடைமுறையில், ரோமிங்கில் உள்ள ஃபோனின் டேட்டா முதலில் தாய் நிறுவனத்தின் வலையமைப்புக்குப் போய், அங்கிருந்து இணையத்துக்குள் நுழைகிறது. சென்னை சிம்மோடு சிங்கப்பூரில் நின்று ஒரு சிங்கப்பூர் இணையதளத்தைத் திறந்தாலும், தகவல் இந்தியா போய்த் திரும்பக்கூடும். ரோமிங் இணையம் சற்று மந்தமாக இருப்பதற்கு இந்தச் சுற்றுவழியும் ஒரு காரணம்.

இதே சுற்றுவழி சில நாடுகளில் அனுகூலமாகவும் அமைகிறது. சீனாவில் உள்ளூர் சிம் போட்டால் கூகுளும் வாட்ஸ்அப்பும் தடுப்புச் சுவருக்கு அப்பால்தான். வெளிநாட்டு சிம்மில் ரோமிங்கில் இருப்பவருக்கு அவை பொதுவாகத் திறக்கின்றன. தகவல் ஊர் வழியாகப் போவதே காரணம். வாட்ஸ்அப் குரல் அழைப்பு தடுக்கப்பட்டுள்ள ஐக்கிய அரபு அமீரகத்திலும் இந்த வேறுபாடு தென்படக்கூடும். ஆனால் தொழில்நுட்பம் இடம் தருகிறது என்பதாலேயே சட்டமும் இடம் தருகிறது என்று கொள்ள முடியாது.

ரோமிங்கின் வலிமை, எதையும் மாற்ற வேண்டாம் என்பது. எண் அதே எண். வங்கியின் குறுஞ்செய்தி அதே ஃபோனுக்கு வரும். அதன் பலவீனம் விலை. டவரின் சொந்தக்கார நிறுவனத்துக்குத் தாய் நிறுவனம் கொடுக்கும் மொத்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை, பேரம் பேசவும் முடிவதில்லை. எனவே நெடுங்காலம் விலைக்குக் கடிவாளம் இல்லை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் செயலிகளும் படங்களைத் தானாக மேலேற்றும் வசதியும் வந்த பிறகு, பயனருக்குத் தெரியாமலேயே பில் ஏறியது.

எல்லையைத் தாண்டாமலேயே ரோமிங்கில் விழுவதும் உண்டு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் நிற்பவரின் ஃபோனில் நீரிணைக்கு அப்பாலுள்ள மலேசியாவின் ஜோகூர் டவர் நுழைவது அங்கே அன்றாடச் சங்கதி. உல்லாசக் கப்பல்களிலும் சில விமானங்களிலும் உள்ள செயற்கைக்கோள் வழி செல்பேசிச் சேவைகள் சாதாரண ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அடங்குவதில்லை. கடற்பயணம் போகிறவர் ஃபோனை விமான நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது.

சட்டத்தின் விடை: எல்லையைக் கட்டணத்திலிருந்து நீக்குவது

ரோமிங் தவறான வழி அல்ல, அதன் விலைதான் தவறு என்பது இன்னொரு நிலைப்பாடு. இதை முதலில் நடைமுறையில் காட்டிய முயற்சிகளில் ஒன்று ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. செல்டெல் நிறுவனம் 2006-இல் கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளிலும் தன் வாடிக்கையாளர்களுக்கு ரோமிங் கட்டணத்தை நீக்கியது. மூன்று நாட்டிலும் ஒரே குழுமத்தின் டவர்கள் இருந்ததால் அது கைகூடியது.

ஐரோப்பிய ஒன்றியம் அதையே சட்டத்தின் வழியாகச் செய்தது. 2007-இல் அழைப்புகளுக்கு உச்சவரம்பு வந்தது. 2012-இல் டேட்டாவுக்கும் சில்லறை உச்சவரம்பு வந்தது: ஒரு எம்பிக்கு வரி நீங்கலாக 70 சென்ட். ஏறக்குறைய 700 எம்பி அளவுள்ள ஒரு திரைப்படத்தை அந்தக் கட்டணத்தில் பார்த்தால் 490 யூரோ ஆகும். "குறைக்கப்பட்ட" கட்டணமே இதுவென்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 2017 ஜூன் 15 முதல், ஊரில் கொடுக்கும் கட்டணமே ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் போதும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2022-இல் அது 2032 வரை நீட்டிக்கப்பட்டது.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவருக்கும் இதனால் மறைமுகப் பயன் உண்டு. பாரிஸில் வாங்கிய பிரெஞ்சு சிம், நியாயப் பயன்பாட்டு வரம்புக்குள், ரோமிலும் அதே விலையில் ஓடும். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் ஐரோப்பியச் சுற்றுலாக்களில் தவறாமல் இடம்பெறும் சுவிட்சர்லாந்து இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனும் இல்லை. விலகலுக்குப் பிறகு அங்குள்ள பெரிய நிறுவனங்கள் சில ஐரோப்பிய ரோமிங்குக்கு மீண்டும் கட்டணம் விதிக்கத் தொடங்கின. சட்டத்தின் விடை சட்டம் செல்லும் தூரம் வரைக்குமே செல்கிறது என்பதற்கு இவை சான்று.

இதற்கு இணையாகச் சந்தையும் ஒரு விடையைத் தந்தது. அமெரிக்காவின் டி-மொபைல் 2013-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேகம் குறைந்த டேட்டாவைக் கூடுதல் கட்டணமின்றித் தருவதாக அறிவித்தது. இந்திய நிறுவனங்கள் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் விற்கும் இன்றைய ரோமிங் பேக்குகளும் அதிர்ச்சி பில்லைத் தவிர்க்கும் அதே நோக்கம் கொண்டவை. ஆனால் பேக்கில் எந்த நாடுகள் அடங்கும், எந்த நிமிடத்திலிருந்து நாள் கணக்கு தொடங்கும் என்பவை அடிக்கடி மாறுகின்றன. இடையில் விமானம் மாறும் நாடு பட்டியலில் இல்லாமல் போவது இதில் எளிதில் நேரும் தவறு.

இரண்டாம் விடை: போன இடத்து சிம்

உள்ளூர்க்காரர் கொடுக்கும் விலையில், உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் வேகத்தில் இணையம் வேண்டுமானால் உள்ளூர் சிம்தான் வழி என்பது நெடுநாள் பயணிகளின் நிலைப்பாடு. டேட்டா சுற்றிப் போகாது. கூடவே ஓர் உள்ளூர் எண்ணும் கிடைக்கும். வாடகை வண்டி ஓட்டுநர் அழைக்கவும், தங்குமிடத்துக்காரர் தொடர்புகொள்ளவும் அது உதவும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களுக்காகவே இலங்கை நிறுவனங்கள் சுற்றுலா சிம் விற்கின்றன. பல நாடுகளிலும் இதே காட்சிதான். விமான நிலையக் கவுண்டரைவிட நகரத்துக் கடையில் விலை குறைவாக இருப்பதும் பொதுவாகக் காணப்படுவது.

ஆனால் இந்த வழியில் தடைகளும் உண்டு. முதல் தடை பதிவு. அடையாளமின்றி சிம் விற்பதைப் பெரும்பாலான நாடுகள் நிறுத்திவிட்டன. பாஸ்போர்ட் தர வேண்டும். சில இடங்களில் புகைப்படமும் எடுப்பார்கள். இந்தியாவுக்கு வருகிறவருக்கும் இதே அனுபவம்தான். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ கல்யாணத்துக்காகச் சென்னை வரும் தமிழ்க் குடும்பம் வெளிநாட்டவருக்கான அடையாளச் சரிபார்ப்பு முடியும்வரை காத்திருக்க நேரிடுகிறது. விமான நிலையத்து இலவச வைஃபையில் நுழையலாம் என்றால் அது பெரும்பாலும் செல்பேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது.

இரண்டாவது தடை கருவி. தவணைமுறையில் வாங்கிய ஃபோன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் விற்ற ஐஃபோன்களில் 2022-இன் ஐஃபோன் 14 முதல் சிம் செருகும் இடமே இல்லை. அங்கிருந்து உறவினர் வாங்கிவந்த ஃபோனோடு போகிறவர், சிம் அட்டை மட்டும் விற்கும் கவுண்டரிலிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். துருக்கியில், வெளிநாட்டில் வாங்கிய ஃபோனில் உள்ளூர் சிம் போட்டால் 120 நாளுக்குப் பிறகு ஐஎம்இஐ எண்ணைப் பதிவுசெய்து கட்டணம் செலுத்தாதவரை அந்த ஃபோன் முடக்கப்படும். சுற்றுலாப் பயணியை இது தொடாது. படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவரைத் தொடும்.

மூன்றாவது தடை ஒரே சிம் இடம் உள்ள ஃபோன்களில் வருவது. உள்ளூர் சிம் உள்ளே போனால் ஊர் சிம் வெளியே வர வேண்டும். நகத்தளவு அட்டையைப் பர்ஸுக்குள் பத்திரப்படுத்துவதும், திரும்பும்போது அது காணாமல் போவதும் ஒருபுறம். அது வெளியே இருக்கும் நாளெல்லாம் வங்கிச் செய்தி வராது என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

மூன்றாம் விடை: அட்டையில்லாத சிம்

சிம்மை ஃபோனுக்குள்ளேயே பொதித்து, அதில் எழுதப்படும் விவரத்தை மட்டும் தொலைவிலிருந்து இறக்கிக்கொள்ளும் முறைதான் இ-சிம். நுகர்வோர் கருவிகளுக்கான பொதுத் தரவரையறையைச் செல்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2016-இல் வெளியிட்டது. 2017-இல் கூகுளின் பிக்சல் 2-இலும் 2018-இல் ஐஃபோன் எக்ஸ்எஸ் வரிசையிலும் அது இடம்பெற்றது. ஊரில் இருக்கும்போதே கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, இறங்கியதும் டேட்டாவை மட்டும் அதற்கு மாற்றிவிடலாம். ஊர் சிம் அதன் இடத்திலேயே இருக்கும். மேலே சொன்ன மூன்றாவது தடைக்கு இதைவிட நேரான தீர்வு இதுவரை வரவில்லை.

ஆனால் "இ-சிம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, அந்த நாட்டு நிறுவனமே தரும் உள்ளூர் இ-சிம். அட்டை இல்லை என்பதைத் தவிர உள்ளூர் சிம்மின் குணங்கள் அனைத்தும் அதற்கு உண்டு. மற்றது, பயணிகளுக்கென்றே செயலிகள் விற்கும் பயண இ-சிம். இவற்றில் பல, மூன்றாவது நாடொன்றின் நிறுவனத்துடைய சிம் விவரத்தை ரோமிங்கில் ஓட்டுபவை. ஜப்பானுக்கென வாங்கியது ஹாங்காங் வழியாக இணையத்தில் நுழையக்கூடும். அப்போது வங்கிச் செயலிகூட உங்களை ஹாங்காங்கில் இருப்பவராக எண்ணலாம். புதுமை என்று விற்கப்படும் விடைக்குள் இருப்பது 1992-இல் தொடங்கிய ரோமிங்கேதான். மாறியிருப்பது மொத்த விலையில் வாங்கிச் சில்லறையில் விற்கும் கை.

அந்தக் கை யாருடையது என்பதும் கேள்விக்குரியதே. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வு, பயண இ-சிம்களின் போக்குவரத்து பயனருக்குத் தெரியாமல் வேறு நாடுகளின் வலையமைப்புகள் வழியாகப் போவதையும், மறுவிற்பனையாளர்கள் பயனர் பற்றிய நுட்பமான விவரங்களை அணுக முடிவதையும் சுட்டிக்காட்டியது. உள்ளூர் சிம் வாங்கும்போது பாஸ்போர்ட்டை ஒரு நாட்டின் நிறுவனத்திடம் கொடுக்கிறோம். பயண இ-சிம்மில் எதை, யாரிடம் கொடுக்கிறோம் என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை.

வேறு வரம்புகளும் உண்டு. பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, எண் கிடையாது. "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குப் பின்னால், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவு தீர்ந்ததும் வேகம் சரியும் நிபந்தனை இருப்பது வழக்கம். ஹாட்ஸ்பாட் தரச் சில திட்டங்கள் அனுமதிப்பதில்லை. ஃபோன் உடைந்தால் அட்டையைக் கழற்றி இன்னொன்றில் போடும் எளிமையும் இல்லை. சீனப் பெருநிலத்தில் விற்ற பல ஐஃபோன்களில் இ-சிம் வசதியே கிடையாது. அரசுகளின் தயக்கமும் இருக்கிறது. மோசடிகளுக்குப் பயன்படுத்தப்படும் அபாயம் பற்றிய பேச்சுக்கிடையே, உரிய தடையின்மைச் சான்று இல்லாமல் இ-சிம் விற்றதாக 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரு செயலிகளை இந்தியாவில் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

சிம்மைச் சாராத விடைகள்

ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விமான நிலையத்திலேயே பாக்கெட் வைஃபை கருவியை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் வேரூன்றியது. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சிக்கனமாக அமையலாம். அப்பாவின் பழைய ஃபோனாக இருந்தாலும் வைஃபை இருந்தால் போதும். ஆனால் கருவிக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டும். கருவியை வைத்திருப்பவர் ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டால் வெளியே நிற்பவர்களுக்கு இணைப்பு இல்லை. ஹாட்ஸ்பாட் வசதி எல்லா ஃபோனிலும் வந்த பிறகு இதன் தேவை சுருங்கிவருகிறது.

இலவச வைஃபையே போதும் என்ற நிலைப்பாட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பொது வைஃபையில் எல்லாம் திருடுபோகும் என்ற பழைய எச்சரிக்கை, பெரும்பாலான தளங்களும் செயலிகளும் குறியாக்கத்துக்கு மாறிய பிறகு அதன் கூர்மையை ஓரளவு இழந்துவிட்டது. போலிப் பெயரில் வைக்கப்படும் வைஃபை வலைகள் பற்றிய எச்சரிக்கைக்கு மட்டும் இன்றும் பொருள் உண்டு. வைஃபையின் உண்மையான குறை, தேவைப்படும் இடத்தில் அது இருப்பதில்லை என்பது. வழி தெரியாமல் நிற்பது ஹோட்டல் அறையில் அல்ல, தெருமுனையில். வரைபடத்தையும் மொழிபெயர்ப்புச் செயலியின் மொழிக்கோப்பையும் ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்வது இந்தக் குறையைப் பாதியளவு ஈடுகட்டும். எந்த விடையைத் தேர்ந்தாலும் இது துணை நிற்கும்.

எண்ணா, டேட்டாவா?

மேற்கண்ட விடைகளை டேட்டாவின் விலையை வைத்து மட்டும் ஒப்பிட்டால் ரோமிங் பெரும்பாலும் தோற்கும். இந்தியப் பயணியின் கணக்கு அங்கே முடிவதில்லை. அவருடைய வங்கிக் கணக்கு, கார்டுப் பரிவர்த்தனை, அரசுச் சேவைகள் எனப் பலவற்றின் சாவி அந்தப் பத்து இலக்க எண்ணுக்கு வரும் ஓடிபி. வெளிநாட்டில் அந்த ஓடிபி வராமல் நிற்கும்போதுதான், சிம் என்பது இணையம் தரும் அட்டை மட்டுமல்ல, ஓர் அடையாள அட்டையும்கூட என்பது உறைக்கிறது.

ரோமிங் வசதி முடுக்கப்பட்ட நிலையில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இருப்பதில்லை. ஆனாலும் அவரவர் திட்டத்தின் நிபந்தனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே ஊர் சிம்மில் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு, செய்திக்காக அதை உயிரோடு வைத்து, டேட்டாவை இ-சிம்மிலோ இரண்டாவது சிம்மிலோ பெறும் கலப்பு முறை பரவிவருகிறது. எண் ஒருவரிடம், டேட்டா இன்னொருவரிடம் என்ற பிரிவினையை ஃபோனே ஏற்பாடு செய்து தருகிறது.

நெடுநாள் தங்குகிறவர்களுக்குச் சிக்கல் கூடுதல். இந்தியாவில் 90 நாளுக்கு எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண், போதிய இருப்பும் இல்லையெனில், துண்டிக்கப்படலாம். பின்னர் அதே எண் வேறொருவருக்குப் போகவும் கூடும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் ஊர் எண்ணை விட்டுவிட்டால் வங்கிக் கணக்கின் சாவியும் கைமாறும் அபாயம் உண்டு. சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களைக் கொண்டே வெளிநாடுவாழ் இந்தியர்கள் யுபிஐ பயன்படுத்த 2023-இல் வழி திறக்கப்பட்டது. அது இந்தச் சிக்கலின் ஒரு பகுதியை மட்டுமே தீர்க்கிறது.

பயணத்துக்கேற்ற தேர்வு

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் சில தற்காலிக முடிவுகளுக்கு இடமிருக்கிறது. இரண்டு மூன்று நாள் அலுவல் பயணத்துக்கு ரோமிங் பேக்கின் விலை, அது மிச்சப்படுத்தும் நேரத்தோடு ஒப்பிட்டால் நியாயமாகலாம். ஒரே நாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவருக்கு உள்ளூர் சிம்மோ உள்ளூர் இ-சிம்மோ பெரும்பாலும் சிறந்தது. பல நாடுகளைத் தொட்டுச் செல்லும் சுற்றுலாவில் வட்டாரப் பயண இ-சிம் வசதியானது. எல்லா நாடும் அதில் அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இணையத் தணிக்கை உள்ள நாடுகளில் விலையைவிட டேட்டாவின் பாதையே முக்கியம். தொழில்நுட்பத்தில் பழக்கமில்லாத முதியவர் தனியாகப் போகும்போது, எதையும் மாற்றத் தேவையில்லாத ரோமிங்கின் விலை கூடுதலாக இருந்தாலும் அது வீண்செலவு ஆகாது.

கருவியின் வயதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜி சேவையை மூடிவிட்டன. 4ஜி வழியே குரல் அழைப்பு செய்ய முடியாத பழைய ஃபோன், எந்த சிம் போட்டாலும், அங்கே சாதாரண அழைப்புக்கு உதவுவது அரிது.

தீராத கேள்விகள்

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. முதலாவது, எண்ணுக்கும் அடையாளத்துக்கும் உள்ள முடிச்சு. இந்திய ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நெறிமுறைகள், குறுஞ்செய்தி ஓடிபிக்கு மாற்றான சரிபார்ப்பு முறைகளுக்கு வழிவிடுகின்றன. அதே ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த உத்தரவோ, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் ஃபோனில் உள்ள சிம்மோடு தொடர்ந்து பிணைந்திருக்க வேண்டும் என்கிறது. ஒன்று முடிச்சைத் தளர்த்துகிறது, மற்றது இறுக்குகிறது. ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் பயணம் செய்யும் பழக்கம் இவற்றுக்கிடையே எவ்வளவு காலம் நிலைக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, பயண இ-சிம் விற்பவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பது. விற்பவர் ஒரு நாட்டில், சிம் விவரம் இன்னொரு நாட்டில், டவர் மூன்றாவது நாட்டில் இருக்கையில், பயனரின் புகாரும் அந்தரங்கமும் எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்பதில் தெளிவில்லை. மூன்றாவது, செயற்கைக்கோளிலிருந்து நேரே ஃபோனுக்கு வரும் இணைப்பு. அவசரச் செய்தியில் தொடங்கியுள்ள அது வளர்ந்தால் டவர் யாருடையது என்ற கேள்வி பின்னுக்குப் போகலாம். ஆனால் அலைவரிசை உரிமம் நாட்டுக்கு நாடு தனியாக வழங்கப்படும்வரை, வானத்திலிருந்து வரும் இணைப்புக்கும் எல்லைகள் இருக்கும்.

முப்பது ஆண்டுகளில் டேட்டாவின் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. எண்ணின் மதிப்போ ஏறிக்கொண்டே போகிறது. மலிவான வழி எது என்பதற்கான விடை ஒவ்வோர் ஆண்டும் மாறும். எந்த எண்ணை எக்காரணம் கொண்டும் அணையவிடக் கூடாது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பிறகு டேட்டாவைத் தேடுவதே இப்போதைக்குச் சரியான வரிசையாகத் தெரிகிறது.